மகள் அனுப்பிய போனுக்குக் காய்ச்சல்

எங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக்குப் பார்சல் வந்தால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். புதுப் போன் வந்த அன்றும் அப்படித்தான். கேமரா இத்தனை, மெமரி இத்தனை என்று அவரவர் தெரிந்ததை ஒப்பித்தார்கள். என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். போனைத் தொடவில்லை, பெட்டியை மட்டும் படித்தார். கல்யாணத்துக்கு முன்னால் என் ஜாதகத்தையும் அப்படித்தான் படித்திருப்பார்.

எனக்கு அந்தப் போனில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, மகளின் குரல். வெளிநாட்டில் அவளுக்கு முதல் பிரசவம். எனக்கு விசா கிடைக்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காகிதங்களைத் திருப்பித் தள்ளினாள். பிரசவ நேரத்தில் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சட்டப் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. என் பழைய போனில் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். அதனால்தான் மகள் இதை வாங்கி அனுப்பினாள். "வலி எடுத்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன். போனைப் பக்கத்துலயே வெச்சுக்கோ" என்றாள்.

பக்கத்திலேயே வைத்துக்கொள்வது சொல்வதற்குச் சுலபம். காலையில் குளித்து மடி உடுத்திக்கொண்டால், சமைத்து நைவேத்தியம் ஆகும்வரை நான் வெளிச் சாமான் எதையும் தொடமாட்டேன். போன் ஊரெல்லாம் சுற்றி வந்த வஸ்து. ஆனால் பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு கிடையாது. எனவே மடிக்கு உடுத்தும் ஒரு பழைய தாவளிக் கம்பளியை வெட்டி உள்ளே இரண்டு மடிப்புக் கம்பளி, வெளியே என் கூறைப்புடவையின் கிழிந்த துண்டு என்று ஒரு பை தைத்தேன். சார்ஜர் வயர் நுழைய அடியில் ஒரு ஓட்டை. போனைப் பையில் போட்டு, வயரைச் செருகி, அடுப்பு மேடைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவேன். மணி அடித்தால் பட்டு முனையால் திரையைத் தேய்த்துப் பேசலாம். சாஸ்திரமும் மீறவில்லை, மகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். இப்படி ஒரு யோசனை தெருவில் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றாம் நாளே போன் கொதிக்க ஆரம்பித்தது. காலையில் நூறு காட்டும் சார்ஜ், ரசம் இறக்குவதற்குள் பாதியாகிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து அணைந்துவிடும். மகள் அங்கே "அம்மா, அம்மா" என்று கத்தியிருப்பாள்.

உடனே ஊரே வைத்தியராகிவிட்டது. "கரண்டு ஏறச்சே சூடு வரத்தான் செய்யும், அதாக்கும் சயன்ஸ்" என்றார் என் கணவர். பள்ளிக்கூடத்தில் சயன்ஸுக்கு எத்தனை மார்க் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு மாமா முப்பது வருஷம் செக்ரட்டேரியட்டில் ஃபைல் தள்ளி ரிடையர் ஆனவர். அவர் போனைப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? வேண்டாத ஆப்பெல்லாம் இருந்தால் சூடு வரும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். மகள் கூப்பிடுகிற ஆப்பையும் சேர்த்து அழித்துவிட்டு, "இப்போ லைட்டாயிடுத்து, கேட்டேளா?" என்று காபிக்குக் காத்திருந்தார். காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

தம்பானூரில் சர்வீஸ் சென்டர். மாமா அழித்த ஆப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்ததும் அங்கேதான். கையில் டோக்கனுடன் அந்த ஏசியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். பையைக் கொண்டுபோகவில்லை. மடிப் பை பஸ்ஸில் போகலாமா? அதை ஆணியிலேயே விட்டுவிட்டு, போனை மட்டும் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு போவேன். அங்கே போய்ச் சேருவதற்குள் அது சமர்த்தாகக் குளிர்ந்திருக்கும். வீட்டில் ஆட்டம் போட்ட குழந்தை டாக்டரைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வது போல.

"அம்மே, இதினு ஒரு குழப்பவும் இல்லல்லோ" என்றான் டை கட்டிய மலையாளப் பையன். கோளாறே கிடையாதாம்.

"கோளாறு இல்லேன்னா நான் என்ன வேலையத்துப்போயா மூணு தரம் வரேன்?"

"அம்ம வீட்டில் எங்ஙனெயா இது உபயோகிக்குன்னே?"

வீட்டில் எப்படி உபயோகிக்கிறேனாம்! எனக்குச் சுருக்கென்று வந்தது. "எல்லாரும் எப்படி உபயோகிக்கறாளோ அப்படித்தான். என்னைப் பார்த்தா போன் பிடிக்கத் தெரியாதவ மாதிரி இருக்கா?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அவன் கழுத்து டையையும், கம்பெனியையும், போனைக் கண்டுபிடித்தவனையும் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமனாரின் சிராத்தம் வந்தது. விடிவதற்கு முன்பே குளித்து ஈர மடியுடன் அடுக்களைக்குள் போனேன். எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. போன் பையில், பை ஆணியில், வயர் சுவரில். என் கணவரின் பட்டன் போனை சிராத்தம் பண்ணிவைக்கும் வாத்தியார் வரும்முன்பே அணைத்து அலமாரியில் வைத்தாயிற்று. கூடத்தில் மந்திரம், உள்ளே எனக்குப் பலகாரம். நடுநடுவே பையைப் பார்த்துக்கொண்டேன். சத்தமே இல்லை. சத்தமில்லை என்றால் வலியில்லை என்று நிம்மதியாக வடை தட்டினேன்.

பத்தரை மணி இருக்கும். எதிர்வீட்டு மாட்டுப்பெண் கொல்லைப்புறமாக ஓடிவந்து அடுக்களை வாசலில் நின்றாள். ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள், என் மகளோடு படித்தவள். "மாமி, பேத்தி பொறந்திருக்கா! ஆபரேஷனாம். ரெண்டு பேரும் சௌக்கியம். உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, இப்போ உங்க மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணினார்."

பையைக் கழற்றி வாயை விலக்கினேன். போனில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. திரை கறுத்துக் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"சார்ஜர்லயும் போட்டு, கம்பளிக்குள்ளயும் திணிச்சு, அடுப்புப் பக்கத்துலயா மாமி மாட்டறது? எந்தப் போன் தாங்கும்?"

அத்தனை நாள் ஊரை மட்டம் தட்டிய நான் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அந்த டை கட்டிய பையன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நான்தான் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் திரும்பிப் போய் மிச்ச வடையையும் தட்டினேன்.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்து, எல்லாம் ஒழிய மத்தியானம் ஆயிற்று. போன் ஆறி உயிர் வந்ததும் கூப்பிட்டேன். மகளின் குரல் மெலிந்து, தூக்கத்தில் பேசுகிறவளுடையது போல இருந்தது. குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள்.

"பயந்துட்டியாடி?" என்றேன்.

"ரொம்ப. திடீர்னு ஆபரேஷன்னு சொல்லிட்டா. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடணும்னு ரெண்டு தரம் கூப்பிட்டேம்மா."

"இந்தச் சனியன் பிடிச்ச போன்…" பழக்க தோஷத்தில் வாய் அதைத்தான் முதலில் சொன்னது.

"போன் கெட்டுப்போச்சா? நான் அப்படி நினைக்கலையே" என்றாள். "தாத்தா சிராத்தமாச்சே, நீ மடியா இருப்பே, நான் அழுதாலும் நீ கிட்ட வரமாட்டேன்னு நினைச்சேன். அதான் அப்புறம் உன்னைக் கூப்பிடறதை அவர்கிட்ட விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், சின்ன வயசிலிருந்தே தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல.