கடல் நின்ற இடம்

அந்தக் காலையில் எங்கள் கரையில் கடல் இல்லை. முதல்நாள் முழுக்கக் கூரைத் தகரங்களைப் பிய்த்தெறிந்த புயல் ஓய்ந்திருந்தது. விடிந்து பார்த்தால் வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடந்தன. அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் ஈரத்தரை, ஆங்காங்கே துள்ளும் மீன்கள். காற்று தள்ளிக்கொண்டு போன தண்ணீர், காற்றுத் திரும்பினால் தானும் திரும்பும் என்று அப்போது யார் யோசித்தோம்? ஊரே கரைக்கு வந்து படம் பிடித்தது. நானும்தான் பிடித்தேன்.

மாரி மழை தொடங்கினால் எனக்கு என்னோடு படிப்பித்த கணித சேரின் நினைவு வந்துவிடும். வெள்ளாங்குளத்துக்காரர், வயல் செய்கிற குடும்பம், நீந்தத் தெரியாது. அவர் மாற்றலாகிப் போனபின் மாரிகாலப் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுவது என் தலையில் விழுந்தது. அவர் இருந்தவரைக்கும் கார்த்திகை பிறந்ததும் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்திவிடுவார். மின்னலுக்குப் பனையின் கீழ் ஒதுங்கக்கூடாது, வெள்ளம் மூடிய தெருவில் சைக்கிளை இறக்கக்கூடாது என்று நீட்டி முழக்குவார். கடலோடு வளர்ந்த பிள்ளைகள் வாய்க்குள் சிரிப்பார்கள். ஒருத்தி எழும்பியே கேட்டாள். பதினாறு வயது, சரியான வாய்க்காரி.

"சேர், நீங்கள் வயல் ஆக்கள். கடலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது, பிள்ளை. பயப்பிடத் தெரியும். புயல் எண்டு சொன்னா கடலுக்குப் போகாதேங்கோ, அவ்வளவுதான்."

மண்டபமே சிரித்தது. இந்த மனிசன் ஏன் வலியப்போய்க் கேலிக்கு ஆளாகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடல் விலகிய அன்று அந்தப் பிள்ளை பையோடு சங்கு பொறுக்க இறங்கியிருக்கிறாள். தாய் மறித்திருக்கிறா. "அம்மா, நான் எங்க கடலுக்குப் போறன்? கடல்தான் போயிட்டுதே" என்றாளாம். தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. சங்கைக் கண்டு கண்டு அவள் எல்லோரையும் விடத் தூரம் போனாள். பிறகு காற்றுத் திரும்பியது. தண்ணீர் அலையாக வரவில்லை, சத்தமில்லாமல் நிறைந்துகொண்டு வந்தது. கரைக்குக் கிட்ட நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அவள் மீனைப்போல நீந்துவாள். ஆனால் கால்கள் முழங்கால்வரை சேற்றில் இறுகியிருந்தன. தகப்பன் தள்ளிய வள்ளமும் அதே சேற்றில் சிக்கிக்கொண்டது. மறுநாள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள்.

செத்தவீட்டில் சேர் என் பக்கத்தில் நின்றார். "கடலுக்குப் போகாதேங்கோ எண்டு மட்டும்தானே சொன்னனான், ரீச்சர். கடல் விலகிப் போகும் எண்டு எனக்கே தெரியாதே." கடலோடு பிறந்த எங்களில் எவரும்கூட அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

அடுத்த மாரிக்கு மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நான்தான் விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் போனவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது செத்துப்போன பிள்ளையின் தங்கச்சி எழும்பினாள். அந்த வருடம்தான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

"சேர், அக்கா வீட்டில உங்களைப்போலக் கதைச்சுக் காட்டிச் சிரிப்பிக்கிறவ. நீங்கள் சொன்னதெல்லாம் அப்பிடித்தான் எனக்குத் தெரியும். அண்டைக்கு அக்கா என்னையும் கூப்பிட்டவ. எனக்கு உங்கட பயம் வந்திட்டுது. நான் போகேல்லை."

சேர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "கடல் விலகினால், பிள்ளையள்..." என்று தொடங்கினார்.