ஒரு காட்டுக்கு இரண்டு உரம்

சங்ககிரிக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் மேட்டுக்காடு. இடுப்பு வலி தாங்காமல் என் கணவர் லாரி ஓட்டுவதை விட்ட வருடம், அதில் எலுமிச்சைப்புல் நட்டோம். அதிகம் தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது, அறுத்துக் கொண்டுபோனால் பக்கத்து ஊர்க் கொட்டகையில் எண்ணெய் வடித்துத் தருவார்கள் என்று சொன்னார்கள்.

முதல் அறுப்பு சுமாராகப் போனது. மறுபடி தளிர் விட்டபோதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் யூரியா மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"இத்தனையுமா போடப் போறீங்க?"

"புல்லுக்குத் தழைதானே அம்மிணி வேணும். தழைக்கு யூரியாதான்."

எனக்குக் கோழி எருவின் மேல்தான் நம்பிக்கை. நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு டெம்போ நிறையக் கேட்டு வாங்கியிருந்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் காட்டின் நடுவே கயிறு கட்டினார்.

"கெழக்கால பாதி உனக்கு. மேக்கால பாதி எனக்கு. எதுல எண்ணெய் வருதுன்னு பாத்துக்கலாம்."

முதலில் கெட்டது என் பாதிதான். சூடு ஆறாத பச்சை எருவை அவசரப்பட்டுத் தூரிலேயே கொட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. அவர் வரப்பில் நடந்து பார்த்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். வாய்க்காலை என் பக்கம் திருப்பிவிட்டு, "மொதல்ல சூடு எறங்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மிச்ச எருவைக் காய்ந்த சருகோடு குவித்துத் தண்ணீர் தெளித்து, அவ்வப்போது கிளறி மக்க வைத்தேன். வாடை போய் மண் மாதிரி உதிர்ந்த பிறகுதான் வரிசைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். அதற்குள் அவர் பாதி தோள் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நான் களையெடுப்பது போல என் பாதியில் குனிந்துகொண்டேன்.

அறுத்ததைத் தனித்தனியாகவே கொண்டுபோனோம். அவர் புல் கொதிகலனில் இரண்டு தடவை கொள்ளுமளவு இருந்தது. என்னுடையது ஒரே தடவைதான். ஆனால் வடிந்த தண்ணீரின் மேல் மிதந்த எண்ணெயைப் பிரித்து எடுத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. என் கணவர் பாத்திரத்துக்குள் எட்டி மறுபடி பார்த்தார்.

"கடைசியா யூரியா எப்பப் போட்டீங்க?" என்று கொட்டகைக்காரர் அவரிடம் கேட்டார்.

"போன வாரமுங்க."

"அதானுங்க. இளந்தழையும் தண்ணியுமா இருக்குது. அறுத்த கையோட கொஞ்சம், மாசங் கழிச்சுக் கொஞ்சம்னு பிரிச்சுப் போடுங்க. அறுப்பு நெருங்குனா தண்ணியையும் நிறுத்தீருங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"உங்குளுது வாசம் நல்லா இருக்குதுங்க. ஆனா எருவு மட்டும் போதாது. கூடக் கொஞ்சம் யூரியாவும் போட்டாத்தான் எடை வரும்."

திரும்பி வரும்போது டெம்போவிலிருந்து சங்ககிரி மலை தெரிந்ததும் அவர், "உன்ற எருவு இன்னும் மிச்சமிருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். மறுநாள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அடுத்த முறை காடு முழுக்க மக்கிய எருவும் அளவான யூரியாவும் போட்டோம். புல் அவர் ஆசைப்பட்ட உயரத்துக்கு வரவில்லை. ஆனால் எண்ணெய் முன்பு வைத்திருந்த கேனில் அடங்கவில்லை. கொட்டகைக்காரரிடம் இன்னொரு கேன் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது பக்கத்துத் தரிசையும் குத்தகைக்கு எடுத்து உழுதுவிட்டோம். அவரால் குனிய முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து பழைய புல்லின் தூரைக் கன்றுகளாகப் பிரித்துத் தருகிறார். நான் நட்டுக்கொண்டே போகிறேன்.