தட்டு போகாத வருடம்

எங்கள் சபை ஒரே தெருவுக்குள் அடங்கிவிடும். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில் இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்தால் ஊர் வரும். கிறிஸ்தவர்கள் எல்லாரும் கீழத்தெரு. மேலத்தெருவில் காடுகரை உள்ள சம்சாரிகள். அவர்கள் காட்டில்தான் எங்கள் ஆட்கள் களையெடுத்தார்கள், உளுந்து பிடுங்கினார்கள்.

ஐப்பசியில் எங்கள் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை வரும். அன்றைக்கு அசனம். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒன்றாகக் கொட்டிச் சோறு பொங்கி, சபையார் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தும் வருவார்கள். மேலத்தெருவுக்கு மட்டும் சோறு போகாது, தட்டு போகும். ஒரு தாம்பாளத்தில் பச்சரிசி, பருப்பு, கத்தரிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லாம் சமைக்காத பண்டம். அதை மேலத்தெரு முதலாளி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது வழக்கம். அவர்களுக்குத் தங்கள் வீட்டுச் சமையல்தான் பிடிக்கும்போல என்று நான் நினைத்திருந்தேன். தட்டைச் சுமந்து போகிற எனக்கு அந்த வீட்டில் கடலைமிட்டாய் கிடைக்கும் என்பதால், அதற்கு மேல் யோசிக்க அவசியமும் இருக்கவில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், அசனப் பொறுப்பு அத்தைக்கு வந்தது. அப்பாவுக்கு மூத்தவள், பெண்கள் சங்கத்தின் தலைவி. அவளுக்கு எழுத்து தெரியாது. சங்கக் கூட்டத்தில் வேதவசனம் வாசித்துக் காட்டுவது என் வேலை என்பதால் அவள் போகிற இடமெல்லாம் நானும் போவேன். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அத்தை எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "இந்த வருசம் தட்டு போகாது. மொதலாளிய எலை போட்டுச் சாப்பிடக் கூப்பிடப் போறேன்."

அப்பா பதறிப் போனார். மழை விழுந்தால் களையெடுப்பு வந்துவிடும். முதலாளி முகம் சுளித்து, வேறு ஊரில் ஆள் பிடித்துக்கொண்டால் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வழக்கம்போல் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டால் என்ன குறைந்து போகும் என்று கேட்டார். அத்தை வாழை இலைக்குச் சொல்லிவிடக் கிளம்பினாள். அவள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று எனக்கும் ஆத்திரம். மிட்டாய் போயிற்றே.

புரட்டாசி முழுக்க மழைக்காக ஜெபம் பண்ணியிருந்தோம். வராமல் போக்குக் காட்டிய மழை, அசனத்துக்கு முந்தின ராத்திரி வந்து கொட்டித் தீர்த்தது. கேட்டதைக் கொடுத்த கர்த்தரிடம் குறை சொல்லவும் முடியாது. காலையில் ஐயர், எங்கள் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம், அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். ஈரக் கரிசலில் நடக்க நடக்க மண் காலடியில் அப்பிக்கொண்டு ஆள் உயரம் கூடும். ஐயர் வழக்கத்தைவிட ஒரு சாண் உயர்ந்துதான் கோயிலுக்குள் வந்தார்.

அவர் கொண்டு வந்த சேதிதான் நல்லதாக இல்லை. கோவில்பட்டியிலிருந்து வாடகை அண்டாக்களை ஏற்றி வந்த குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி, பாதி வழியில் அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறதாம். அண்டா இல்லாமல் சோறு இல்லை. இழுத்துவிட டிராக்டர் வேண்டும். ஊரில் டிராக்டர் இருந்தது ஒரே ஒரு வீட்டில்.

அப்பா உடனே ஒரு தாம்பாளத்தைக் கழுவி எடுத்துவந்தார். தட்டை வைத்துவிட்டு டிராக்டரைக் கேட்கலாம் என்றார். பெரியவர்கள் பலரும் தலையாட்டினார்கள். அத்தை தாம்பாளத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்தாள். மிட்டாய் ஆசை முழுதாக விடாததால் நானும் பின்னாலேயே போனேன்.

முதலாளி வாசலில் நின்று மழைநீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தெருவில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார்.

"தட்டக் காணுமே ஏட்டி."

"இந்த வருசம் தட்டு கெடையாது மொதலாளி. எலை போடுதோம். நீங்க வந்து உக்காந்து சாப்பிடணும்."

"டிராக்டருக்குக் கூப்பிடுதியா, சாப்பாட்டுக்குக் கூப்பிடுதியா?"

"ரெண்டுக்குந்தான். டிராக்டர் வராட்டியும் எலை உண்டு."

"அண்டாவே வரல, எலையில என்னத்த வைப்ப?"

கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

வண்டி நின்ற இடத்தில் சபையே கூடிவிட்டது. சங்கிலி மாட்டி டிராக்டர் இழுக்க, ஆண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். சக்கரம் சுழன்று எல்லார் முகத்திலும் சேற்றை அடித்ததே தவிர வண்டி அசையவில்லை. சங்கத்துப் பெண்கள் ஓரமாக நின்று பாட்டெடுத்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. தள்ளுதவுகளத்தான் காணும்" என்றார். பெண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை முதலில் தோள் கொடுத்தாள். ஐயரும் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். பாட்டும் நிற்கவில்லை. மூன்றாம் சரணத்தில் வண்டி எம்பி வெளியே வந்தது. தள்ளிய வேகத்தில் சபை மொத்தமும் சேற்றில் குப்புற விழுந்தது. விழுந்து கிடந்தபடியே சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

முதலாளி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு டிராக்டரை ஓட்டிப் போய்விட்டார். அப்பாவின் சிரிப்பு அடங்கியது. "பாத்தியாக்கா, திரும்பிக்கூடப் பாக்காமப் போறாரு. வரமாட்டாரு" என்றார். "வார நேரம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்பு மூட்டப் போனாள்.

மத்தியானம் பந்தலில் பாய் விரித்து, இலை போட்டு, ஐயர் ஜெபிக்கக் கண்ணை மூடப்போகும் நேரம். குளித்து வெள்ளை வேட்டி கட்டி, கால் நிறையக் கரிசலோடு முதலாளி பந்தல் வாசலில் நின்றார். அப்பா கோயிலுக்குள் ஓடி நாற்காலியைத் தூக்கி வந்தார். அத்தை நாற்காலியை மறித்து நின்றாள்.

"வரிசைல எடம் இருக்கு மொதலாளி."

அவர் நாற்காலியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு ஐயருக்கும் வண்டி டிரைவருக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அசனச் சோறு எப்போதும் ஒரே பதமாக வேகாது. ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்து பாதி குழையும், பாதி விறைக்கும். முதலாளி ஒரு வாய் மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, இதுல எத்தன வீட்டு அரிசி கெடக்கு?"

"எல்லா வீட்டு அரிசியும் கெடக்கு. ஒங்க வீட்டு அரிசிதான் இல்ல."

அப்பா அவசரமாக அவர் இலையில் குழம்பு ஊற்றினார். முதலாளி மெதுவாக மென்று விழுங்கினார். "அடுத்த வருசம் ஆளனுப்பு" என்றார். இன்னும் கொஞ்சம் சோறும் கேட்டார்.

எங்கள் அசனத்தில் சாப்பிட்ட இலையை அவரவரே எடுக்க வேண்டும். ஐயருக்கும் அதுதான் சட்டம். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். முதலாளியும் குனிந்து தன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு, சேற்றில் நிதானமாகக் கால் பதித்து, வேலியோரக் குழி வரைக்கும் நடந்து போய்ப் போட்டார். அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். எல்லாரும்தானே எடுக்கிறார்கள், இதில் வாயைப் பிளந்து பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று கோயிலுக்குள் போய், மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். மணி நிற்காமல் அடித்தது. சாயங்கால ஆராதனைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அத்தைக்கு மணி பார்க்கத் தெரியாது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று, நான் வெட்கப்பட்டுக்கொண்டே அவளை நிறுத்த ஓடினேன்.