சுவிட்சின் முன்னால் மட்டும் பேச்சு

எல்லைப் போராட்டம் நடந்த வருடங்களில் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் நான் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, திருவனந்தபுரத்தோடு இருக்க வேண்டுமா என்று டீக்கடையிலும் சர்ச் வாசலிலும் பஸ்சுக்குள்ளும் ஓயாத பேச்சு. மில்லில் நாங்கள் இரண்டு பேர். நான் தமிழ்க் கட்சி. என் கூட்டாளி திருவனந்தபுரம் கட்சி. பக்கத்தில் குன்னத்துகால் என்ற ஊர்க்காரன், என் வயதுதான். வீட்டில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து.

மோட்டாருக்கான சுவிட்சு சுவரில் ஒரு கல்பலகையில் இருந்தது. மூன்று செம்புக் கத்திகளும் ஒரு மரப்பிடியும்தான், மூடி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மில் நெல்லை விழுங்கிக்கொண்டு முழுப் பாரத்தில் ஓடும்போதே அவன் அந்தப் பிடியை மெதுவாக இழுத்துவிட்டான். செம்புக்கு நடுவில் நீலத் தீ வெடித்தது. சுவர் கறுத்தது. அவன் மீசையில் பாதி கருகிப் போயிற்று. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம்.

பார்க்க வந்த மின்சார ஆபீஸ்காரர் காரணத்தைச் சொன்னார். பாரத்தோடு ஓடுகிற கரண்டை அறுத்தால் அது நிற்காது, காற்று வழியாகவே தாவும். அந்தத் தாவல்தான் தீ. அன்றே நாங்கள் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். முதலில் நெல் கொட்டுவதை நிறுத்துவேன். பிறகு மரக்கவையால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு, "பெல்ட்டு மாத்தியாச்சு" என்று சத்தம் கொடுப்பேன். அவன் ரப்பர் விரிப்பில், பலகைக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்து, "மாறி நில்லு" என்பான், விலகி நில் என்பதற்கு அவன் மலையாளம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே வெட்டில் இழுப்பான். சின்னப் பொறி ஒன்று தெரியும், அவ்வளவுதான். காலையில் வெளி மெயினை அணைத்துவிட்டுப் பலகையில் படிந்த தவிட்டுத் தூசியைத் துடைப்போம்.

ஒரு நாள் பேச்சு முற்றியது.

"நீங்க பாண்டியோட போனா அரிசி கிட்டும். புத்தி கிட்டாது" என்றான், தமிழ்நாட்டைப் பாண்டி என்றே சொல்கிறவன்.

"ஒனக்கு இப்பம் ரெண்டும் இல்லியே" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. ஆனால் சுவிட்சைப் பேசாமல் இழுக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. வாரக்கணக்கில் எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த இரண்டு வாக்கியம் மட்டும். பெல்ட்டு மாத்தியாச்சு. மாறி நில்லு. நெல் கொண்டுவரும் பெண்கள் அதைக் கேட்கவே நின்று சிரிப்பார்கள்.

ஒரு ஹர்த்தால் நாளில், கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கெஞ்சியதால் மில்லைத் திறந்தோம். நெல் பாதி அரைந்திருந்தபோது ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் தமிழ்க் கட்சி ஊர்வலம்தான். மழையில் நனைந்த ஆட்கள். அவர்களில் பருத்த ஒருவர் உள்ளே வந்து, "மில்லு நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஈரக் காலோடு நேரே சுவிட்சுக்குப் போய்ப் பிடியில் கை வைக்கப் போனார்.

நானும் கூட்டாளியும் ஒரே குரலில் கத்தினோம். அவன் பாய்ந்து அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்தான். நான் கையைப் பிடித்தேன். மூன்று பேரும் உமிக் குவியலில் விழுந்தோம்.

"என்னை அடிக்கியளா?" என்றார் அவர், வாயெல்லாம் உமியோடு.

"அடிக்கல்ல அண்ணே. இப்பம் இழுத்தா மொகம் வெந்து போவும். நிறுத்தித் தாறோம், தள்ளி நில்லும்" என்றேன்.

அவர் எழுந்து தள்ளி நின்றார். ஊர்வலமே வாசலில் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நெல்லை நிறுத்தினேன், பெல்ட்டைத் தள்ளினேன், சத்தம் கொடுத்தேன். அவன் ரப்பர் விரிப்பில் ஏறி, கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் மாறி நில்லு" என்றான். எங்கள் கட்சியின் அத்தனை பேரும் அவன் சொல் கேட்டு ஒரு அடி பின்னால் போனார்கள். பிடி விழுந்தது. மில் மெல்ல அடங்கியது.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"கண்டோ? ஒங்க ஆளுக முழுக்க என் பேச்சு கேட்டாச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. உமி தட்டிக்கொண்டிருந்த பருத்தவருக்கு முதலில் புரியவில்லை. நாங்கள் விளக்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஊர்வலம் போன பிறகு மழை விட்டது. கல்யாண வீட்டுக்காரர் மிச்ச நெல்லை உரலில் குத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, எங்களுக்கு வீட்டிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்தனுப்பினார். நின்றுபோன மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே இலையில் தின்றோம். பேசாமல் விட்ட வாரங்களின் பேச்சு முழுவதையும் அவன் அன்று மத்தியானமே பேசித் தீர்த்தான். அதில் பாதி எல்லையைப் பற்றித்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை, மீன் தலையை மட்டும் அவனுக்குக் கொடுத்தேன்.