கூட்டம் அடங்கிய சத்தம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் அகதி விடுதியில் எண்பத்தாறாம் ஆண்டு நடந்தவை:

1. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட ஆண்கள், ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒருநாள் ஆட்டத்தில் சிறந்தவரா இல்லையா என்று சண்டை பிடித்தார்கள்.
2. ஒரே பானையில் சமைத்தவர்கள் பிரிந்தார்கள். சிறந்தவர் என்றவர் ஒருவர்தான்; அவர் தனியாகச் சமைத்தார்.
3. பொறியியல் படித்தவள் என்று தீர்ப்பை என்னிடம் விட்டார்கள்.

தனியாகச் சமைத்த அவர் சமையலறையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். ஒவ்வொரு உருளைக்கிழங்கையும், பந்தின் தையலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துப் பார்த்த பிறகே தோலுரிப்பார்.

"உங்கடை பந்துக்காரருக்கு விக்கெட் குறைவுதானே, அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. அவனுக்குப் பயந்து மற்றப் பக்கத்தில போடுறவனுக்கு அடிக்கப்போய் அவுட்டாகிறாங்கள். அந்த விக்கெட் ஆரின்ரை கணக்கு?"

"அவர் போடுறதை நீங்கள் பாத்தனீங்களோ?"

"எங்கை பாக்கிறது? றேடியோவிலதான். அவன் ஓடிவரேக்கை சனம் முழுக்க அடங்கிப்போகும். அதைக் கேட்டனான்."

அந்த அமைதியை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"இவ்வளவு படிச்சும் ஒரு பந்துக்காரனை அளக்கத் தெரியேல்லை!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்!" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

"சரி, வா. உன்ரை கிழங்கையும் இதுக்குள்ளை போடு" என்று அவரைக் கூப்பிட்டார் ஒருவர். என்னைத் திட்டியபடியே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு அதிகாரிகள் அவரை வேறு நகருக்கு மாற்றினார்கள். அந்த வீச்சாளரின் புள்ளிவிவரங்கள் பின்னாளில் எனக்குக் கிடைத்தன, சாதாரணமானவைதான். தீர்ப்பை நான் இன்னும் சொல்லவில்லை.