ஏழாம் நாள் மெழுகுவத்திகள்

ரஷீத் ஊரில் ஆற்றைக் கடக்கிற எல்லோருக்கும் படகுக்காரன் ஃபிக்ரியைத் தெரியும். இடது வலது என்பது பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கிடையாது. ஒருமுறை மூடுபனியில், புறப்பட்ட கரையிலேயே படகைக் கொண்டுவந்து அணைத்துவிட்டு, "வந்தாச்சு, இறங்குங்க" என்றான். ஒன்பது பேர் இறங்கினார்கள். அதில் இருவர் அக்கரையில் இருப்பதாக நம்பி இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவன் தலையில்தான் மகனுக்குப் பெயர் வைக்கும் வேலை விழுந்தது.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் மெழுகுவத்திகளுக்குப் பெயர் சொல்லி ஏற்ற வேண்டும். எது கடைசிவரை எரிகிறதோ அதன் பெயர் பிள்ளைக்கு. ஃபிக்ரி தட்டில் இரண்டு நட்டான். செத்துப்போன தன் தகப்பன் பஸ்யூனியின் பெயர் ஒன்றுக்கு. மாமனார் ஷஹாத்தாவின் பெயர் இன்னொன்றுக்கு. இரண்டையும் யார் காதிலும் விழாமல் முணுமுணுத்தான். பிறகு அவன் தங்கை அதிய்யாத் குலவையிட்டு, உப்புத் தூவி, தட்டை வீடு முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்று அணைந்தது. எல்லோரும் ஃபிக்ரியைப் பார்த்தார்கள்.

"எரியறது யாருடா?" அம்மா பஹானா கேட்டாள்.

"இடப்பக்கம் அப்பா."

"அப்ப உங்கப்பாதான். இதுதானே இடது?"

"உங்களுக்கு இடது, அத்தை. எனக்கு வலது" என்றாள் கட்டிலில் இருந்த இன்ஷிராஹ், அவன் மனைவி.

"நீ எங்க நின்னுடா ஏத்துன?"

"வாசல் பக்கம். இல்ல, ஜன்னல் பக்கம். அதிய்யாத், தட்டைத் திருப்பியா வச்ச?"

"ஏழு சுத்து சுத்தியிருக்கேன். என் தலையே இன்னும் நிக்கல. என்னைக் கேக்காதே."

இன்ஷிராஹ் மெல்லச் சொன்னாள்: "அத்தை, என்ன பேர் வச்சாலும் பின்னாடி அப்பன் பேரு, தாத்தன் பேருன்னு ஃபிக்ரி பஸ்யூனி வரத்தான் போகுது. எங்கப்பாவுக்குப் பேர் சொல்ல வேற பிள்ளை இல்ல. என்னோட முடிஞ்சிரும்."

"வால்ல ஒட்டிக்கிட்டு வர்றதெல்லாம் பேராம்மா? வாசல்ல நின்னு கூப்பிடறதுதான் பேரு."

"உங்க மூத்த மகன் பிள்ளைக்கு ஏற்கெனவே மாமா பேர்தானே வச்சிருக்காங்க?"

"அவன் குவைத்ல இருக்கான். நான் கூப்பிட்டா கேக்குமா?"

இன்ஷிராஹ் மடியில் கிடந்த பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் ஃபிக்ரியை அடியோடு கலக்கியது. சண்டை போடுகிற இன்ஷிராஹை அவனுக்குப் பழக்கம். வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிற இன்ஷிராஹை அவன் கண்டதே இல்லை.

"ஷஹாத்தா" என்றான்.

"நிச்சயமாடா?"

"நிச்சயம்மா."

சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம்தான் நின்றோமோ, எரிவது அப்பாவோ என்று தோன்றியது. சொன்னது பொய்யா நிஜமா என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

பஹானா மகனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பித்தளை உரலை எடுத்துக்கொண்டு, வழக்கப்படி பிள்ளையைச் சல்லடையில் கிடத்தி, அதன் காதருகே உட்கார்ந்து, உலக்கையால் ணங்கென்று இடித்தாள்.

"கேட்டுக்கோ, ஷஹாத்தா. உங்கம்மா சொல்றதைக் கேளு. நான் சொல்றதைக் கேளு. உங்கப்பன் சொல்றதை மட்டும் நம்பாதே. எனக்கு அவனை நாப்பது வருஷமாத் தெரியும்."