அவர் அழுததாகச் சொன்ன தாலாட்டு

எழுபதைத் தாண்டிய நாட்டுப்புறப் பாடகி ஒருவரின் கச்சேரிக்குத் தாராவியிலிருந்து மகளோடு மாட்டுங்கா போயிருந்தேன். தொண்டை கட்டியிருந்ததால், பேர்போன தாலாட்டை மட்டும் அவர் பாடவில்லை. மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார், கூட்டமே பாடியது.

முடிந்ததும் வாசலில் ரசிகர்கள் எல்லோரும் அதையே பேசிக்கொண்டு நின்றோம். அப்போது ஒருவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் இப்ப பாடுன அம்மாவுக்குச் சொந்தக்காரன். செம்பூர்ல தங்கியிருக்காவ. கார் நிக்கி, வாங்க, பிள்ளையோட போட்டோ எடுத்துக்கிடலாம்."

மகள் துள்ளினாள். எனக்கு உறுத்தியது. இத்தனை பேர் இருக்க, எங்களை மட்டும் ஏன் கூப்பிடுகிறார்?

"இன்னைக்கு எந்தப் பாட்டு தம்பி பிடிச்சுது?" என்றேன்.

"தாலாட்டுதான்க்கா. அவிய குரல் தழுதழுத்தப்ப எனக்கு அழுகையே வந்துட்டு."

அவர் பாடவே பாடாத பாட்டு! துள்ளிக்கொண்டிருந்த மகளே என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

இப்போதெல்லாம் கச்சேரி வாசலில் யார் பேச வந்தாலும், பிடித்த பாட்டு எது என்று கேட்காமல் நான் அடுத்த வார்த்தை பேசுவதில்லை. மும்பையிலேயே வளர்ந்த மகள் எனக்கும் மேல். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று இந்தியிலேயே கேட்டுவிடுகிறாள்.